கொல்லிமலைக்கு வழி சொல்லும் போன்

கேள்வி: பைக்கில் கொல்லிமலை போகிறேன். வழி பார்க்க ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டினால் போதுமா, தனி ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா?
– சேலம் வாசகர்

பதில்: வருடத்துக்கு ஓரிரு பயணம்தான் என்றால் போனே போதும். ஆனால், என்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்கு ஏறும். கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்க கேமராவுக்குள் லென்ஸை அசைக்கும் நுண்ணிய அமைப்பு இருக்கிறதே, அது நாளடைவில் கெட்டுப்போகலாம். ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இதைச் சொல்லி எச்சரித்தது. அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வைத்த ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் அதை மாட்டுவது இன்னும் நல்லது.

மலையில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். நீங்கள் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் காட்டிவிடும், வரைபடம்தான் திறக்காது. முந்தின நாளே அந்தப் பகுதி வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

காரவள்ளி அடிவாரம் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பும்போது எதிரே பஸ் வந்து நிற்கும். அந்த ஏற்றத்தில் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அடிவாரத்திலேயே திரையை அணைத்துவிட்டு, வளைவுதோறும் ஹாரன் அடித்து, சாலையை மட்டும் பார்த்து ஏறுங்கள்.