ஆங்கிலம் அறிவோம்: ‘இன்ட்ரஸ்ட்’ என்றால் வட்டி மட்டும்தானா?



‘இன்ட்ரஸ்ட்’ என்று கேட்டதும் நம் மனதில் முதலில் வருவது வட்டி. மார்க்கம் தடுத்த ஒன்று என்பதால் உடனே எச்சரிக்கை ஆகிறோம். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பொதுவழக்கில் நான்கு பொருள்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

1. வட்டி: ‘ரேட்’, ‘பெர்சென்ட்’, ‘லோன்’, ‘டெபாசிட்’ ஆகியவற்றோடு வந்தால் வட்டிதான். மாதம் 2 சதவீதம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். 1 லட்சம் கடனுக்கு வட்டி மட்டும் 24,000 ரூபாய். ‘இன்ட்ரஸ்ட் ஃப்ரீ’ என்றால் வட்டியில்லாதது.

2. ஆர்வம்: வேலை விண்ணப்பத்தில் ‘ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்று கேட்டால், உங்களுக்கு ஆர்வமுள்ள துறையை எழுத வேண்டும்.

3. நலன்: ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட் லிட்டிகேஷன்’ என்பது பொதுநல வழக்கு. தன் நலன் கலவாத நடுநிலையாளரை ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பார்கள். ஆர்வமில்லாதவர் ‘அன்இன்ட்ரஸ்டட்’. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. உரிமை, பங்கு: சொத்துப் பத்திரத்தில் ‘ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்’ என்று வரும். ‘அன்டிவைடட் இன்ட்ரஸ்ட்’ என்றால் பிரிக்கப்படாத பங்கு. இங்கே வட்டியும் இல்லை, ஆர்வமும் இல்லை.

நம் பெண்கள் கவனிக்க வேண்டியது இந்த நான்காவது பொருளைத்தான். தகப்பனார் மவுத்தான பின், “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று ஆங்கிலத்தில் தயாரித்த விடுதலைப் பத்திரத்தையோ பவர் பத்திரத்தையோ நீட்டுவார்கள். ‘ரிலீஸ் ஆல் மை இன்ட்ரஸ்ட் இன் தி பிராப்பர்டி’ என்று அதில் இருந்தால், அந்தச் சொத்தில் எனக்குள்ள பங்கு முழுவதையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று பொருள். பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது எளிதல்ல.

மகளுக்குரிய பங்கை அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் அல்லாஹ்வே நிர்ணயித்திருக்கிறான். மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. விளங்காமல் இழப்பது வேறு. எனவே பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு நகலைக் காட்டுங்கள். விளங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

பயிற்சி: வீட்டிலுள்ள பாஸ்புக், பத்திரம், விண்ணப்பம் ஆகியவற்றில் இந்தச் சொல்லைத் தேடி, எந்தப் பொருளில் வந்துள்ளது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.