பார்சலை இன்ஷ்யூர் செய்வது எப்பொழுது?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்று வெளியூர் வியாபாரிக்கு 20 பட்டுச் சேலைகளை ஒரே பார்சலாக அனுப்புகின்றது என்று வைத்துக் கொள்வோம். சேலை ஒன்றின் கிரயம் ரூ.12,000, பார்சலின் மதிப்பு ரூ.2,40,000. நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. பட்டும் ஜரிகையும் வாங்கிய கடனோ இன்னும் தீரவில்லை. இப்பார்சல் வழியில் காணாமற் போகுமாயின், சங்கத்தின் மூலதனத்திலேயே குறைவு ஏற்படும். அடுத்த மாதம் தறிகளுக்குப் பாவு கொடுக்கப் பணமிராது. ஆயினும், அனுப்பும் ஒவ்வொரு சிறு பொட்டலத்துக்கும் இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் செலுத்துவது சிக்கனமாகாது. இவ்விரண்டுக்கும் இடையே வரம்பு எங்கே உள்ளது என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. நஷ்டம் யாரைச் சார்ந்தது?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுவே. 1930-ம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்பும்பொருட்டுச் சரக்கைப் போக்குவரத்துக்காரரிடம் ஒப்புவித்தல், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, வாங்குபவரிடமே ஒப்புவித்ததாகக் கொள்ளப்படும். ஆனால் சரக்கின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைப் போக்குவரத்துக்காரருடன் விற்பவர் செய்திருத்தல் வேண்டும். அதில் தவறிச் சரக்கும் போய்விட்டால், வாங்குபவர் அதனைத் தம்மிடம் ஒப்புவித்ததாக ஏற்க மறுக்கலாம். ஆகையால் வழியில் நேரும் நஷ்டம் யாருடையது, இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் யார் செலுத்துவது என்னும் இரண்டையும் ஆர்டர்க் கடிதத்திலேயே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். கண்காட்சிக்கோ சங்கத்தின் சொந்தக் கிளைக்கோ அனுப்பும் சரக்கில் இச்சந்தேகத்துக்கு இடமில்லை. அது சங்கத்தின் உடைமை, நஷ்டமும் சங்கத்தினுடையதே.

2. கொண்டு செல்பவரின் பொறுப்பு

“ரசீது கையில் இருக்கின்றது, போனால் முழுப் பணமும் வரும்” என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. பழைய 1865-ம் வருஷத்திய சட்டத்திலேயே பட்டும், பொன் வெள்ளி இழை கலந்த துணியும் தனி அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தன, ரூ.100-க்கு மேற்பட்ட அத்தகைய சரக்கின் மதிப்பை வெளியிட்டுச் சொல்லாதவருக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர் பொறுப்பாளியல்லர். அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2007-ம் வருஷத்திய சட்டத்தின்படி, கூடுதல் அபாயக் கட்டணம் செலுத்த வெளிப்படையாக உடன்பட்டாலன்றி, லாரிக்காரரின் பொறுப்பு அவர் பெறும் வண்டிச் சத்தத்தை ஒட்டிய ஒரு வரம்புக்கு உட்பட்டது. 1989-ம் வருஷத்திய ரயில்வே சட்டத்தின் கீழும் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்குரிய சதவீதக் கட்டணம் செலுத்தாதவருக்கு எடையைக் கொண்டே நஷ்டஈடு வரம்பிடப்படும். 2023-ம் வருஷத்திய தபால் சட்டமும், விதிகளில் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் தபால் இலாகாவுக்குப் பொறுப்பில்லை என்றே கூறுகின்றது.

எடையும் சத்தமுமே அளவுகோலாயின், கனமான மலிவுச் சரக்கு அனுப்புவோருக்கு அதிகக் குறையில்லை. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பன்னீராயிரம் ரூபாய் மதிப்புள்ள பட்டுச் சேலையை அனுப்புவோருக்கோ கிடைக்கும் தொகை சொற்பமே.

வி.பி. முறையும் இன்ஷ்யூரன்ஸ் ஆகாது. பார்சல் சேர்ந்தபின் கிரயத்தை வசூலித்துத் தருவதே அதன் வேலை. சேராத பார்சலுக்கு வசூல் ஏது?

3. கணக்கிட்டுப் பார்க்கும் விதம்

கீழ்க்கண்ட தொகைகள் உதாரணத்துக்காக மட்டுமே; உண்மையான கட்டணத்தை விசாரித்து அறிந்து கொள்க.

(அ) சங்கம் வருஷத்தில் ரூ.1,500 மதிப்புள்ள 200 பொட்டலங்களை அனுப்புகின்றது. ஒவ்வொன்றுக்கும் இன்ஷ்யூரன்ஸ் ரூ.20 எனில், மொத்தச் செலவு ரூ.4,000. வருஷத்தில் இரண்டு பொட்டலங்கள் காணாமற் போனாலும் நஷ்டம் ரூ.3,000 தான். இங்கே இன்ஷ்யூர் செய்யாமல், அத்தொகையைப் பார்சல் நஷ்ட நிதி என்று தனிக் கணக்கில் ஒதுக்கி வருவது நலம். மிச்சம் சங்கத்திலேயே நிற்கும்.

(ஆ) மேற்கூறிய ரூ.2,40,000 பார்சலுக்குக் கட்டணம் ரூ.500 என்க. சங்கத்தின் வருஷாந்தர நிகர லாபம் ரூ.1,50,000. ஒரு பார்சல் போனால் வருஷ லாபம் முழுவதும் போய், மேலும் ரூ.90,000 குறையும். இங்கே ரூ.500 மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று, சூதாட்டமேயாகும்.

இவ்விரண்டிலிருந்தும் விளங்குவது யாதெனில்: தாங்கக்கூடிய நஷ்டத்தைச் சங்கமே தாங்குக, தாங்க முடியாததை இன்ஷ்யூர் செய்க. ஒரே பார்சல் போய்விட்டாலும் அடுத்த வாரம் கூலி கொடுப்பது நிற்காத தொகை எதுவோ, அதுவே வரம்பு. பெரிய சரக்கை நான்கு பார்சல்களாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் அனுப்பினால் அபாயம் குறையும். நான்கும் ஒரே லாரியில் ஏறினால் பிரித்ததனால் பயனில்லை.

4. பாலிஸியில் கவனிக்க வேண்டியவை

அடிக்கடி மதிப்புள்ள சரக்கு அனுப்பும் சங்கங்கள் வருஷம் முழுவதற்கும் ஒரே ‘ஓப்பன்’ பாலிஸி எடுத்துக் கொள்ளலாம். உள்நாட்டுப் போக்குவரத்து ஷரத்துக்கள் ஏ, பி, சி என மூவகைப்படும். சி தீயையும் மின்னலையும் பற்றியது. பி வண்டி கவிழ்தல், மோதுதல் போன்ற விபத்துக்களையும் சேர்க்கும். திருட்டும் காணாமற் போதலும் அடங்க வேண்டுமாயின் ஏ வகையே தக்கது. எவ்வகையாயினும் சரியாகக் கட்டாத பார்சலுக்கும், தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கும் பணம் கிடையாது.

கட்டணத்தைக் குறைக்க மதிப்பைப் பாதியாகக் காட்டுவது பெருந்தவறு. சரக்கில் ஒரு பகுதி சேதமானால் அச்சேதத்திலும் பாதியே கிடைக்கும். மதிப்பை மிகைப்படுத்துவதாலும் ஆதாயமில்லை. உண்மையான நஷ்டத்துக்கு மேல் பெற முடியாது.

5. அத்தாட்சி

பாலிஸி இருந்தும் அத்தாட்சி இல்லாமையால் பணம் இழப்பவர் உண்டு. பட்டியல் நகல், கட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, எடை குறித்த ரசீது ஆகிய மூன்றையும் காரியதரிசி ஒரே கோப்பில் வைக்க வேண்டும். கட்டு அவிழ்ந்தோ எடை குறைந்தோ இருந்தால், பெறுபவர் அதை எழுத்தில் குறித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். லாரிக்காரருக்குப் புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள்ளும், ரயில்வேக்குச் சரக்கை ஒப்புவித்த 6 மாதங்களுக்குள்ளும் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடாவிடில் உரிமை கெடும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நமது சங்கம் ஒரே பார்சலில் தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு? அத்தொகை தீர்மானமாக எழுதப்பட்டிருக்கின்றதா?
2. சென்ற வருஷம் அனுப்பிய பார்சல்களில் அவ்வரம்புக்கு மேற்பட்டவை எத்தனை? அவற்றில் இன்ஷ்யூர் செய்யப்பட்டவை எத்தனை?
3. வழியில் நேரும் நஷ்டம் யாருடையது என்பது நமது ஆர்டர்க் கடிதங்களில் கண்டிருக்கின்றதா?