ஒரு வால்வுக்கு எத்தனை அளவு?

(ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு)

வெர்னியர் அளவியும் திருகு அளவியும் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்க மாமாவோட பழைய டிராக்டர் எஞ்சினைப் பிரித்தபோது அந்த இரண்டும்தான் கைகொடுத்தன.

வால்வு எப்படி இருக்கும் தெரியுமா? நீளமான தண்டு, ஒரு முனையில் காளான் மாதிரி வட்டத் தலை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வு. இன்லெட் வால்வு காற்றை உள்ளே விடும், எக்சாஸ்ட் வால்வு புகையை வெளியே விடும். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவை திறந்து மூடும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 1000 தடவை. ஒரு மணி நேரம் உழுதால் 60,000 தடவை!

எக்சாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும்போது அது உட்காரும் சீட்டு வழியாகத்தான் இறங்கும். சரியா உட்காரலைன்னா ஓரம் கருகிப்போகும். மாமா டிராக்டரில் ஓர் எக்சாஸ்ட் வால்வு எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது.

அந்த மாடல் வருவது நின்று பல வருஷம் ஆச்சு. டவுனில் ஏறி இறங்காத கடையில்லை. ஆடிப்பட்டத்துக்கு நாலு பேர் காட்டை உழுது தர்றதா மாமா முன்பணம் வாங்கிட்டார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அப்போது லேத் பட்டறை அண்ணன், “பேரைச் சொல்லித் தேடாதீங்க மாமா, அளவைச் சொல்லித் தேடுங்க” என்றார்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கு. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும்பாலான டிராக்டர்களில் இருந்த எஞ்சினும் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். அந்தக் காரை 1950-களில் நம்ம சென்னையிலும் பூட்டினார்கள். உழுகிற வண்டிக்கும் ஊர்வலம் போற காருக்கும் சொந்தம்!

சரி, எதையெல்லாம் அளக்கணும்? முதலில் தண்டின் விட்டம். வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்குகிற கைடு குழாய்க்கும் நடுவே 0.05 மி.மீ. போலத்தான் இடைவெளி. வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., அது போதாது. திருகு அளவிக்கு 0.01 மி.மீ., அதில் பார்த்தால் 9.48 வந்தது. (பட்டறையில் அதை மைக்ரோமீட்டர் என்கிறார்கள். நம்ம திருகு அளவியேதான்.) ஒரு கடைக்காரர் 9.00 தண்டு வால்வைக் காட்டி “சும்மா போடுங்க” என்றார். போட்டால் தண்டு ஆடும், தலை கோணலா விழும், திரும்பவும் கருகும்.

தலை விட்டம், நீளம் இரண்டுக்கும் வெர்னியரே போதும். சீட்டுக் கோணம் 45 டிகிரியா 30 டிகிரியா என்று பார்க்கணும். தண்டு நுனியில் லாக் பிடிக்கிற காடியையும் கட்டாயம் பார்க்கணும். லாக் சரியா பிடிக்கலைன்னா வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை உடைத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அண்ணன் சொன்ன கணக்குதான்: “கொஞ்சம் பெருசா இருந்தா வாங்கு பாப்பா, கடைஞ்சுக்கலாம். சிறுசா இருந்தா தொடாதே.” தலை பெரிசா இருந்தால் லேத்தில் குறைக்கலாம். சின்னதை யார் வளர்க்கிறது?

கடைசியில் காயலான் கடையில் ஒரு வால்வு கிடைத்தது. எந்த எஞ்சினோடது என்று கடைக்காரருக்கே தெரியலை. தண்டு 9.48, தலை 2 மி.மீ. பெரிசு, நீளம் 1 மி.மீ. அதிகம். அது எக்சாஸ்டா இன்லெட்டா? இதற்குக் காந்தம்! தண்டில் ஒட்டியது, தலையில் ஒட்டவில்லை. அதிகச் சூடு தாங்க எக்சாஸ்ட் தலைக்குப் போடுகிற ஒருவகை எஃகில் காந்தம் ஒட்டாது. (மிகப் பழைய எக்சாஸ்ட் வால்வுகளில் ஒட்டுவதும் உண்டு. அதனால் ஒட்டினால் உடனே இன்லெட் என்று முடிவு கட்டக்கூடாது.)

தலையைக் கடைந்து, ஸ்பிரிங்குக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் கொடுத்து, பேஸ்ட் தடவி சீட்டில் அரைத்தார்கள். பிறகு ஹெட்டைச் சாய்த்து வால்வுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றினோம். ராத்திரி முழுக்க ஒரு சொட்டுகூடக் கசியலை. டிராக்டர் இப்போ காட்டில் இருக்கு.

ஆனா இன்னொரு எக்சாஸ்ட் வால்வின் ஓரம் 1 மி.மீ.க்கும் கீழே தேய்ந்திருக்கு, ரொம்ப நாள் தாங்காதாம். உங்க வீட்டில் பழைய பம்புசெட் வால்வு, லாரி வால்வு ஏதாவது மூலையில் கிடந்தால் கொண்டு வாங்க. தண்டு 9.48, தலை 36-க்குக் குறையக்கூடாது, கோணம் 45. காந்தம் என்னிடம் இருக்கு.