விருப்பும் வெறுப்பும் பிறக்கும் விதம்

எரியோட்டு அங்கத்தினர்களே! 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் வண்ணத்துப்பூச்சிச் சின்னத்தை நோக்குங்கள். நல்ல துணியோடு அதைக் காண்போர்க்கு நாளடைவில் சின்னத்தின் மீதே விருப்பம் பிறக்கும். மட்டத் துணியோடு கண்டால் வெறுப்பே மிஞ்சும்.

இவ்விணைப்பு நாம் அறியாமலே மனத்தில் பதியுமா? படங்களோடு நல்ல சொற்களையும் தீய சொற்களையும் சேர்த்துக் காட்டி, 'பதியும்' என்றனர் அமெரிக்க உளநூலார் ஆல்சனும் ஃபேசியோவும் (2001). பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அச்சோதனையை மீண்டும் செய்து, 2021-இல் முடிவை வெளியிட்டன. கண்டிப்பான அளவுகோலின்படி, இணைப்பைக் கவனியாதவரிடம் அவ்விளைவு புலப்படவில்லை.

ஆகவே, வாங்குவோர் பெரும்பாலும் கண்டறிந்தே விரும்புகின்றனர், வெறுக்கின்றனர். சங்க முத்திரையைக் கண்ணில் படுமாறு இடுங்கள். சாயம் போகும் சுங்குடியிலும், அடியில் சொத்தைக் காய் மறைத்த கூடையிலும் இடாதீர்கள். ஒருவர் செய்யும் குறை அனைவர் முத்திரையையும் கெடுக்கும்.