செருப்பு தானாகக் கழன்று விழுகிறதா?



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா, "நடக்கும்போது வலது கால் செருப்பு தானா கழண்டு போகுது, விரல் தரையில தடுக்குது" என்றார். காய்ச்சலில் படுத்து இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ இளைத்தவர். எழுந்ததும் களை எடுக்கப் போனார். நாள் முழுக்கக் குத்த வைத்தே வேலை. மூன்றாம் நாள் பாதத்தைத் தூக்க முடியவில்லை. வாதம் என்று பயந்து மந்திரித்தார்கள், எண்ணெய் தடவினார்கள். குழுவில் வாங்கிய கடனும் மூன்று வாரமும் அதிலேயே போயின. பிறகுதான் டாக்டரிடம் காட்டினார். நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் டாக்டர்.

ஏன் இப்படி ஆகிறது?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். ஓர் எலும்பு முட்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதை ஒட்டித்தான் சுற்றிப் போகிறது. அங்கே இருக்கும் கொழுப்பு, குடத்துக்குக் கீழே வைக்கும் சும்மாடு மாதிரி. உடம்பு வேகமாக இளைத்தால் சும்மாடு போய்விடும். அப்போது வெகுநேரம் குத்த வைத்தாலோ, கால்மேல் கால் போட்டாலோ நரம்பு நசுங்கும்.

என்ன அடையாளம்?

● பாதத்தை மேலே தூக்க முடியாது. குதிகாலால் நடக்க வராது.
● கெண்டைக்காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்துப்போகும்.
● பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் அலட்சியம் செய்கிறோம்.

என்ன செய்யணும்?

● உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சர்க்கரை நோய், தொழுநோய், முதுகுத் தண்டுக் கோளாறு இவற்றாலும் பாதம் தொங்கலாம். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.
● குத்த வைப்பதையும் கால்மேல் கால் போடுவதையும் விடுங்கள். களை எடுக்கும்போது அடிக்கடி எழுந்து நாலு எட்டு நடங்கள்.
● டாக்டர் சொல்லும் பயிற்சியையும் பாதப் பட்டையையும் விடாதீர்கள். அழுத்தம் நீங்கினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகும்.
● காரணமில்லாமல் இளைத்தால் சர்க்கரையும் சளியும் பரிசோதியுங்கள்.

கவனம்: திடீரென்று முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்த அக்காவின் பாதம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வருகிறது. மூன்று வாரம் முன்னமே வந்திருக்கலாமே என்பதுதான் அவர் வருத்தம்.

கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுவில் சமீபத்தில் நோயால் இளைத்தவர் யார்? எல்லோரும் குதிகாலால் பத்து அடி நடந்து பார்ப்போமா?
2. அவருக்குக் கொஞ்ச நாள் நின்று செய்யும் வேலையை விட்டுக்கொடுப்போமா?