ஒரு வருஷம் காய்ப்பு, ஒரு வருஷம் லீவு: மாமரத்தின் ஃபீட்பேக் லூப்

திருநகரில் மாமரம் வெச்சிருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்க. "போன வருஷம் கிளை ஒடியிற அளவுக்குக் காய்ச்சுச்சு, இந்த வருஷம் பூவே காணோம்" என்பார்கள். வீட்டு மரத்துக்கு இது வெறும் ஏமாற்றம். நத்தம், அழகர்கோவில் பக்கம் தோப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வருஷ வருமானமே போச்சு.

ஏன் இப்படி? நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் ஞாபகம் இருக்கா? நெகட்டிவ் ஃபீட்பேக்கில் தாமதம் சேர்ந்தால் அவுட்புட் ஏறி இறங்கி ஆடும். மாமரத்தில் அந்தத் தாமதம் ஒரு வருஷம்.

காய் நிறைய இருந்தால் மரத்துக்குள் மூணு விஷயம் நடக்கும். ஒன்று, இலை தயாரிக்கிற மாவுச்சத்தைக் காய்களே இழுத்துக்கொள்ளும், சேமிப்பு குறையும். இரண்டு, வளரும் விதைகளில் ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன் அதிகம். கிளையை வளரச் சொல்கிற இதே ஹார்மோன், மா, ஆப்பிள் மாதிரி மரங்களில் பூ மொட்டு உருவாவதைத் தடுக்கும். மூணு, காய் சுமந்த கிளை அறுவடைக்கு அப்புறம் தாமதமாகத்தான் துளிர்க்கும். மாவில் பூ வருவது துளிரின் நுனியில். டிசம்பர், ஜனவரி குளிரின்போது அந்தத் துளிர் முற்றியிருக்கணும். சில மாசமாவது வயசாகாத இளந்துளிர் பூக்காது, இன்னும் இலைதான் விடும்.

தடுப்பது விதைதான் என்று எப்படித் தெரியும்? விதையோடும் விதை இல்லாமலும் காய்க்கக்கூடிய ஒரு ஆப்பிள் ரகத்தை வைத்து, 1967-ல் சான், கெய்ன் இருவரும் சோதித்தார்கள். விதையுள்ள காய் இருந்த இடத்தில் அடுத்த வருஷப் பூ குறைந்தது. விதையில்லாத காய் அப்படித் தடுக்கவில்லை.

இந்த லூப்பில் எங்கே கை வைக்கலாம்? பேக்லோபியூட்ரசால் மரத்துக்குள் ஜிப்பரெல்லின் உருவாவதையே தடுக்கும். நம்ம ஊரில் செப்டம்பர் வாக்கில் வேர்ப்பகுதியில் ஊற்றுவார்கள். ஆனால் அது மண்ணில் ரொம்ப நாள் தங்கும். அளவு மீறினால் கிளை குட்டையாகி, பூங்கொத்து நெருங்கிச் சுருங்கும். பிலிப்பைன்ஸில் ரமோன் பார்பா 1970-களில் கண்டுபிடித்த வழி பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு. பட்டாசுக்குப் போடுற அதே வெடியுப்பு! அதுவும் முற்றின துளிரில்தான் வேலை செய்யும். பிஞ்சுத் துளிரை எந்த மருந்தும் ஏமாத்த முடியாது.

ரகத்திலும் தீர்வு உண்டு. நம்ம நீலம் வருஷாவருஷம் காய்க்கும். வடக்கே தசேரி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். இரண்டையும் கலந்து டெல்லியில் உருவாக்கியதுதான் ஆம்ரபாலி; அது வருஷாவருஷம் காய்க்கும்.

வீட்டு மரத்துக்கு மருந்தே வேண்டாம். காய்ப்பு அதிகமான வருஷம் பிஞ்சிலேயே கொஞ்சம் உதிர்த்து விடுங்க. பறிச்ச கையோடு, காய் சுமந்த கிளைகளின் நுனியை வெட்டி விடுங்க. துளிர் சீக்கிரம் வரும், மார்கழிக்குள் முற்றும். இந்த வருஷம் நாலு காய் குறைஞ்சால், அடுத்த வருஷம் மரம் வெறுமனே நிற்காது.