டேங்க் மேல் உட்கார்ந்து கற்றது

அன்பு மருமகனுக்கு,

உனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். பதினாறு வயதில் பைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் துபாயிலிருந்து அவன் அப்பா பணம் அனுப்பி வாங்கித் தந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாய். அக்கா மசியவில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அவளுக்கு இந்தச் சட்டம் தெரியாது. உன்னை இழந்துவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. நீ வண்டி கற்றது டிரைவிங் ஸ்கூலில் இல்லை. ஐந்து வயதில், என் பைக் டேங்க் மேல் உட்கார்ந்து. பெரம்பலூர் நான்கு ரோடு நெருங்கும்போது, "மாமா, போலீஸ்!" என்பாய். கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவேன். தாண்டியதும் கழற்றிவிட்டு, கெட்டிக்காரன் என்று உன்னைக் கொஞ்சுவேன். ஹெல்மெட் போலீசுக்காக என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

உன் தாத்தா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்கு எத்தனை நடையோ அத்தனைக்குத்தான் காசு. வேகம்தான் வீட்டுக்கு அரிசி. ஆனாலும் விடியலில் வண்டியை எடுக்குமுன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். காற்று இறங்கிய டயர் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அந்தத் தட்டலும் எனக்கு வந்தது. வளைவில் முந்தும் அவசரமும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2004-இல் பியான்கி, சும்மாலா என்ற இரு ஆய்வாளர்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். யார் எவ்வளவு ஓட்டுகிறார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பெற்றோர் ஓட்டும் விதம் பிள்ளைகளிடம் தெரிந்தது. அதை ஓட்டும் பழக்கத்தின் 'மரபியல்' என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். எனக்கு அது ரத்தத்தில் வருவதாகத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்வதாகத்தான் தோன்றுகிறது. பார்த்து வந்ததை விட்டுவிட முடியும், மருமகனே.

போன வாரம் பாடாலூர்ப் பக்கம் பஸ்ஸை இடது பக்கமாக முந்தினாயாம். உன் தங்கை பாப்பாதான் சொன்னாள், அவ்வளவு பெருமையாக. "மாமா, போலீஸ்!" என்று நீ கூவிய அதே குரல். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில்வரை போய்வருவோம். நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். எனக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வை. வாசலிலேயே, பாப்பா பார்க்க, இருவரும் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

உன் மாமா